நியாய விலை டைனோசர்

“இந்த விலைக்கு என்னால வாங்க முடியாதுங்க” என்றார் சோபா கடைக்காரர். டைனோசரின் வயிற்றுக்கு அடியில் நின்றபடி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சிலையைச் செய்தவள் அசையவில்லை. அந்த வட்டாரத்துக்கே அவள் டைனோசர் அக்கா. விரலில் காய்ந்திருந்த சிமென்டைச் சுரண்டிக்கொண்டே, “இதுல ஒரு காசு குறையாதுங்க” என்றாள்.

“போன தடவை ஒருத்தர் பேசிப் பேசியே விலையைப் பாதியாக்கிட்டு, குட்டி ஒண்ணைக் கொசுறா வேற தூக்கிட்டுப் போனார். அப்புறம்தான் இவர் என்னை உட்காரவச்சுக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.”

‘இவர்’ என்பது மூலையில் இருந்த அவள் கணவர், தையற்காரர். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, மெஷினில் ஒரு பெரிய தார்ப்பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். டைனோசரை மழை படாமல் அனுப்பிவைக்க உறை.

“கம்பி, வலை, சிமென்ட், பெயின்ட், கிரேன் வாடகை, என் கூலி, இடுப்பு வலிக்குத் தைலம். அதுக்கு மேல கொஞ்சம் லாபம். இதுதாங்க நியாயமான விலை.”

“நியாயம்தாங்க. அதான் பிரச்சினையே” என்றார் சோபா கடைக்காரர். “கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க.”

தையல் மெஷின் நின்றது.

சோபா கடைக்காரர் கஷ்டம் அவருக்கு. அவரும் அவருடைய சகலையும் ஒரே தெருவில், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். சகலை தன் வாசலில் தும்பிக்கை தூக்கிய யானைச் சிலை ஒன்றை நிறுத்தினாலும் நிறுத்தினார், அன்றிலிருந்து அது யானை வீடு. இவர் வீடு, யானை வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி.

கூரியர்காரர் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தார். போகட்டும் என்று இவர் விட்டுவிட்டார். போன வாரம் மனைவியே போனில் யாருக்கோ அப்படி வழி சொன்னதைக் கேட்ட பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“இந்த விலைன்னு தெரிஞ்சா எங்க சகலையும் மறுநாளே வந்து ஒண்ணு வாங்கிடுவார். கேட்ட உடனே மயக்கம் போட்டு விழற மாதிரி ஒரு விலை சொல்லுங்க. நான் கொடுத்துடறேன்.”

தையற்காரர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார். “யானையா? தும்பிக்கையால தண்ணி ஊத்துமா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“யானைன்னா ஊத்தும்தானே” என்று சொல்லிவிட்டுக் குண்டூசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

சோபா கடைக்காரர் அக்கா பக்கம் திரும்பினார். “ரெண்டு மடங்கு தரேன்.”

“வேண்டாங்க.”

“சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஒண்ணரை மடங்கு.”

“என்னை யாரும் ஏமாத்தக் கூடாதுன்னுதானே கணக்குப் போட்டேன். அதே கணக்கை வச்சு நான் உங்களை ஏமாத்தலாமா?”

“சும்மா ஏத்த வேண்டாம். இன்னும் நாலு பல்லு வச்சு ஏத்துங்க.”

“வாயில இடம் இல்லீங்க.”

“வாலையாவது நீட்டுங்க.”

“பின்னால சுவர் இருக்குங்க.”

தையற்காரர் பெருமூச்சு விட்டார். விலையில் இறங்கக் கூடாது என்று மனைவிக்குப் பாடம் நடத்தியவர், அவள் ஏறவும் மாட்டாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

சோபா விற்றே தலை நரைத்தவர் சோபா கடைக்காரர். பேரத்தில் அவர் இப்படி மண்ணைக் கவ்வியது இதுதான் முதல் தடவை. வேறு வழியில்லாமல், சொன்ன விலைக்கே சம்மதித்து முன்பணத்தைக் கொடுத்தார்.

“ஒரே ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. யார் வந்து கேட்டாலும் ரெண்டு மடங்கு விலைன்னு சொல்லிடுங்க.”

“எனக்குப் பொய் சொல்ல வராதுங்க” என்றாள் அக்கா.

“எனக்கு வரும்” என்றார் தையற்காரர்.

சோபா கடைக்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனிமேல் இவர் வீடுதான் டைனோசர் வீடு. சகலை வீடு, டைனோசர் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. நினைக்கும்போதே நெஞ்சு குளிர்ந்தது. டைனோசரின் காலை மாப்பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போலத் தட்டிக்கொடுத்தார்.

“நாளைக்கே லாரி அனுப்பறேன்.”

“இது இல்லீங்க” என்றாள் அக்கா. “இது நேத்தே வித்துப்போச்சு. உங்களுக்கு இதே மாதிரி அடுத்தது செஞ்சு தரேன்.”

“நேத்தா? என்ன விலைக்கு?”

“இதே விலைக்குத்தான். அவரும் ரெண்டு மடங்கு தரேன்னு ஒத்தைக் கால்ல நின்னார். வர்றவங்க கிட்டேயும் கூட்டிச் சொல்லச் சொன்னார். எனக்குத்தான் வரலை.”

தட்டிக்கொடுத்த கை அப்படியே காலோடு ஒட்டிக்கொண்டது. “அவர் எதுக்குங்க கூட்டச் சொன்னார்?”

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை வேக வேகமாக மிதிக்க ஆரம்பித்தார்.

“அவருக்கும் ஒரு சகலை இருக்காராம்.”