முதல் மார்க்

கன்டெய்னர் யார்டில் தானாக ஓடும் கிரேன்கள் வந்ததும், ஆபரேட்டர்களுக்கு மன உறுதித் தேர்வு வைத்தார்கள். டோமினிக்குக்கு முதல் மார்க். வேலை தப்பியது என்ற நிம்மதியோடு மேனேஜர் அறைக்குப் போனார்.

"சம்சாரம் தவறி இருபது நாள்தான் ஆகுது. ஒரு நாள்கூட உங்க கவனம் சிதறலையே, எப்படி?"

"வேலயும் பூடக்கூடாதுன்னு பல்லக் கடிச்சிகினு வந்தேன் சார். ஆக்னசோட ஏழாம் நாள் பூசைக்குக்கூட லீவு போடல."

மேனேஜர் ஒரு கவரை நீட்டினார்.

"ஆள் குறைக்கச் சொல்லிட்டாங்க. வேற யாருக்குக் கொடுத்தாலும் ஏதாவது பண்ணிக்குவாங்க. நீங்க தாங்குவீங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தத் தேர்வே."

டோமினிக் கவரைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்காவது லீவு குடு சார். ராயபுரம் கோயில்ல ஒரு பூசை பாக்கி கீது."