பலகை தாண்டிய பயந்தாங்கொள்ளி

"டமார்!"

சாய்ந்த பலகையின் மறுமுனை தரையில் மோதியதும், நாய் எகிறிக் குதித்து, தன்னைக் கூட்டி வந்த மனிதரின் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டது. அங்கிருந்தபடியே பலகையைப் பார்த்துக் குரைத்தது. பிறகு மரத்திலிருந்த காக்கையைப் பார்த்து. அதுவும் போதாமல் தன் நிழலைப் பார்த்து.

"ஒரு வாரமா இந்தப் பலகையிலேயே நிக்கிறோம் மேடம்," என்றார் அவர், கொட்டாவியை மென்றுகொண்டே. கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

"அவசரப்படாதீங்க சார்," என்றாள் பயிற்சிக்காரி. மைதானத்தில் பழைய டயர்கள், படுக்கப்போட்ட ஏணி, குழாய் மேல் ஏற்றிய பலகை என்று பரப்பி வைத்து, பயந்த நாய்களைத் தேற்றுவது அவள் பிழைப்பு. "முதல் நாள் ஏணிக்குள்ள எப்படி இடறிச்சு! தனக்குப் பின்னங்கால் இருக்கிறதே அதுக்குத் தெரியல. இப்ப பார்க்காமலே தூக்கி வைக்குது. உடம்பு தன் சொல்லைக் கேக்குதுன்னு புரிஞ்சா பயம் தானாப் போயிடும்."

"போனா குரைக்காதில்ல?"

"பயத்துலதானே குரைக்குது. தைரியமான நாய் ஆள் வந்தா மட்டும்தான் குரைக்கும்."

"ஆள் வந்தாக்கூட வேண்டாம் மேடம்."

அவள் விநோதமாகப் பார்த்தாள். "நைட் டியூட்டின்னு சொன்னீங்களே?"

"ஆமா. இன்னொரு தடவை டியூட்டியில கண்ணசந்தா வீட்டோட இருந்துக்கோன்னுட்டாங்க. இவன் தேறினாத்தான் நான் பொழைப்பேன்."

வாட்ச்மேன் போலிருக்கிறது, தான் அசந்தாலும் நாய் விழித்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"வீட்ல பழக்கலையா?"

"அவங்ககிட்ட ஜாடையாச் சொல்லிப் பார்த்தேன். நாய்க்கு என்ன குறைச்சல்னு சண்டைக்கு வர்றாங்க."

எல்லா வீட்டிலும் இதே ராமாயணம்தான் என்று தலையாட்டினாள். "சரி, பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"டேய்!"

"பேரு, சார்."

"டேய்னாலே வருவான் மேடம்."

சத்தத்தைக் கொஞ்சமாவது குறைக்கப் பலகையின் அடியில் போட்டிருந்த சாக்கை அவள் உருவி எறிந்தாள். மறுமுனையில் கோழித் துண்டு ஒன்றை வைத்தாள்.

நாய் ஏறியது. நடுவில் பலகை சாயத் தொடங்கியதும் நின்றது. இந்த முறை குதிக்கவில்லை. பின்னங்கால்களை அகட்டி, எடையைப் பின்னால் தள்ளி, காத்திருந்தது.

டமார்!

காக்கை பறந்தது. நாய் பறக்கவில்லை. துண்டைத் தின்றது, வாயைத் திறந்தது, ஒரு கொட்டாவி விட்டது. சத்தமே இல்லை.

அந்த மனிதர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

இப்படி ஒரு பாசத்தை அவள் பார்த்ததில்லை. "இன்னைக்கு ராத்திரியே டியூட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். ஒரு திருடனும் கிட்ட வரமாட்டான்."

"டியூட்டிக்கா? இவன் அங்க எதுக்கு மேடம்?" கயிற்றைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸ்லேருந்து வர்றதுக்குள்ள இவனை அவர் வாசல்ல பழையபடி கட்டிட்டு, நான் போய்த் தூங்கணும்!"