அத்தர் அங்கிள்

காதர் மைதீன் லிஃப்ட்டுக்குள் காலெடுத்து வைத்ததுதான் தாமதம், எட்டு வயது வர்ஷா வீறிட்டாள்.

இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"சாரி அங்கிள்!" சிவானி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு ஆட்டிசம். உங்க அத்தர் வாசம் ஒத்துக்கலை போல."

தேக்கா கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர் அவர். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சட்டென்று வெளியே போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் இதே கதைதான். தாயும் மகளும் லிஃப்ட்டுக்கு நின்றால், மனிதர் தூரத்திலேயே திரும்பி மாடிப்படிப் பக்கம் போய்விடுவார். ஏழு மாடி. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, நின்று நின்று ஏறுவார்.

"என் பிள்ளை என்ன தொத்து வியாதியா?" சிவானி கணவனிடம் பொருமினாள். "முழங்கால் போனாலும் பரவால்லை, இவகூட நிக்கமாட்டாராம்!"

"விடு லா," என்றான் அர்ஜுன். "புது ஆளு. போகப் போகப் புரிஞ்சுக்குவார்."

வர்ஷாவிடமும் கேட்டுப் பார்த்தாள். "அங்கிள் வாசம் எப்படிம்மா இருந்துச்சு?"



வர்ஷாவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். மினிமார்ட்டில் ஏன் காதைப் பொத்தினாய் என்று கேட்டால், நாலு நாள் கழித்துச் சாப்பிடும்போது, "சோப்பு வாசம் கத்துச்சு" என்பாள். பாண்டான் இலைக் கேக் அவளுக்குச் சிரிக்கிற வாசம். புதுப் பெயின்ட் திட்டுகிற வாசம். அத்தரைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அவ்வளவு பயந்துவிட்டாள் என்று சிவானி முடிவு கட்டிக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம். கீழ்த்தளத்தில் இருவரும் லிஃப்ட்டுக்காக நின்றிருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து திரும்பிய காதர் மைதீன், அதிசயமாக நேரே வந்து பக்கத்தில் நின்றார்.

சிவானி தடுப்பதற்குள் வர்ஷா ஓடிப்போய் அவர் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்தாள். முகர்ந்தாள். மறு கையையும் முகர்ந்தாள். உதடு பிதுங்கியது. சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

அவர் பதறிப்போனார். "பயப்படாதீங்கம்மா! அத்தர் பூசறதை அன்னிக்கே விட்டுட்டேன். சட்டையில ஒட்டுன வாசம்தான் போகவே மாட்டேன்னுச்சு, அதான் படியேறிக்கிட்டிருந்தேன். துவைச்சுத் துவைச்சு இப்பத்தான் போயிருக்கு. அப்பயும் பிள்ளை அழுவுதே..."

சிவானிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. மகள் முன்னால் குனிந்தாள்.

"வாசம்தான் இல்லையேம்மா. அன்னிக்கும் அழுத, இன்னிக்கும் அழுவுறியே?"

வர்ஷா இல்லையென்று தலையாட்டினாள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"அன்னிக்கு அழலை. அங்கிள் வாசம் பெருசு. ரொம்ப சந்தோஷம். ஓடிடக் கூடாதுன்னு மூக்கைப் பொத்துனேன். உள்ள இடம் பத்தலை. மிச்சம் கண்ணு வழியா வந்துச்சு."

"சுப்ஹானல்லாஹ்..." காதர் மைதீன் முணுமுணுத்தார்.

மகளின் கன்னத்தைத் துடைக்கப்போன சிவானி கையை நிறுத்தினாள். இத்தனை வருஷமாக இந்தக் கண்ணீரையெல்லாம் என்னவென்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்?

லிஃப்ட் வந்தது, திறந்தது. யாரும் ஏறவில்லை. மூடிக்கொண்டது.

வர்ஷா இன்னொரு தடவை அவர் கையை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்குத்தான் அழுவுறேன்."