நடுவிலிருந்த சொல்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், காலை வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கீபோர்டின் மேல் விழுகிறது. "டிஸ்க் ஃபுல் ஆல்பர்ட், அடுத்த ரிப்போர்ட் சேவ் ஆக மாட்டேங்குது. ஜல்தி பண்ணு," என்கிறாள் கூடத்தை நடத்தும் காந்திமதி. வெளியே ஊசி குத்திய கையில் பஞ்சை அழுத்தியபடி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ஓல்ட் ரிப்போர்ட்ஸ் பேக்கப்’ என்ற பழைய ஃபோல்டரை அழிக்க, கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆல்பர்ட் வீட்டு மேக் கம்ப்யூட்டரில் எழுதிய ஸ்கிரிப்ட், அந்தக் கட்டளை வரி, இந்த விண்டோஸ் திரையில் காத்திருக்கிறது. எண்டருக்குப் போன விரல் தயங்குகிறது. "ஒரு தடவை பாத்துடறேன்க்கா." அழிக்கச் சொன்ன இடத்தில், உள்ளே இருப்பதைக் காட்டு என்று மாற்றித் தட்டுகிறான். திரையில் பெயர்கள் ஓடுகின்றன. எல்லாம் இன்று காலை வந்தவர்களுடையவை. பழைய ஃபோல்டர் பெயரின் மூன்று சொற்களையும் மேக்கில் ஒன்றாகப் பிடித்திருந்த ஒற்றை மேற்கோள் குறியை விண்டோஸ் மதிக்கவே இல்லை. பெயரை மூன்றாக உடைத்து, நடுவிலிருந்த ‘ரிப்போர்ட்ஸ்’ என்ற சொல்லையே பெயராகக் கொண்ட இன்றைய ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கிறது. முதலில் எண்டரைத் தட்டியிருந்தால் அழிந்திருப்பது இதுதான். ஆல்பர்ட்டின் காதுமடல் சுடுகிறது. "அழிச்சாச்சா?" அவன் இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்துக்கொள்கிறான். "இல்லக்கா. நீங்களும் எதையும் தொடாதீங்க." கவுன்டரில் யாரோ "சுரீந்தர் பாட்டியா" என்று கூப்பிடுகிறார்கள். திரையின் கடைசி வரியிலும் அதே பெயர். பஞ்சை விடாமல் ஒரு கிழவர் எழுந்து, ரிப்போர்ட்டுக்குக் கை நீட்டியபடி வருகிறார்.