தலைவரின் கண்ணாடி

"இது உடைஞ்சா கிள்ளான் தமிழர் சரித்திரமே உடைஞ்ச மாதிரிண்ணே!" என்றாள் வாணி.

சரித்திரம் என்று அவள் சொன்னது, கிள்ளானில் மூன்று மணிக்குத் தொடங்கவிருந்த நலச் சங்கத்தின் தேநீர் விருந்தை. நாற்பது நாற்காலி, சாப்பிட மீ கோரிங், கறிபாப். தலைமையுரை, சங்கத் தலைவரான அவள் கணவர் சுகுமாறன்.

லோரிக்காரர் கொர்னேலியஸ், பிரிக்பீல்ட்ஸ் வீட்டுப் படுக்கையறையில் நின்ற ஆளுயர நிலைக்கண்ணாடியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, ஹால்ல கண்ணாடி இருக்காதா?"

"டாய்லெட்ல இருக்கும். தலைவர் அதுல போய் முகம் பார்ப்பாரா? கண்ணாடி வராம மேடை ஏற மாட்டேன்னு இப்பதான் வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. உடையாம வந்து சேரணுமாம்."

"திருப்பி போன் அடிச்சுக் கேட்டீங்களா?"

"போனை ஆஃப் பண்ணிட்டாரு. பேச்சுக்கு மனசைத் தயார் பண்றாராம். ஒரு மாசமா இதுக்கு முன்னாடி நின்னுதாண்ணே பேசிப் பழகுறாரு. நடுவுல எழுந்து போகாம கேக்குறது இது ஒண்ணுதான்."

கொர்னேலியஸ் சிரித்தபடி நான்கு மூலைகளுக்கும் அட்டை மடித்துக் கட்டினார். சில்லு சிதறாமலிருக்கக் கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார். இரண்டு போர்வைகளைச் சுற்றினார். அதற்குள் வாணி லோரியில் மெத்தையை விரித்துவிட்டாள்.

"படுக்க வெச்சிடலாம்ணே. பூ மாதிரி வரும்."

"ஐயோ, வேணாம்மா! படுக்க வெச்சா ஒரு குழியில ஏறி இறங்கினதுமே நடுவுல விரிசல் விட்டுடும். நிக்க வெச்சுத்தான் கட்டணும். மெத்தையைப் பின்னால சாய்ச்சு வைங்க."

"அப்ப நானும் பின்னாடி நின்னு பிடிச்சுக்கிறேன்."

"போலீஸ் பார்த்தா சம்மன் லா!"

"தலைவர் பேருக்கு எழுதச் சொல்லுங்க. லோரியை எடுங்கண்ணே!"

பெடரல் ஹைவே முழுக்க, கொளுத்தும் வெயிலில், வாணி கண்ணாடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். கல்யாணத்தன்றுகூடக் கணவரை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை.

மூன்று இருபதுக்கு இருவரும் கையுறை போட்டு, கண்ணாடியைச் செங்குத்தாகவே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். சங்கத்தார் ஓடிவந்து வழிவிட்டார்கள். மேடைப் படியருகே சுகுமாறன் வியர்த்துப்போய் நின்றிருந்தார்.

கட்டு அவிழ்ந்தது. போர்வை விலகியது, டேப் உரிந்தது. ஒரு கீறல் இல்லை. என்னவோ ஏதோவென்று கூட்டம் கைதட்டியது.

"பத்திரமா கொண்டு வந்துட்டோம்ங்க!" என்றாள் வாணி, மூச்சு வாங்க. "இனிமே தைரியமா ஏறுங்க!"

தலைவர் கண்ணாடியைப் பார்த்தார். வாணியைப் பார்த்தார். பதினாறு பக்கப் பேச்சை எடுத்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். பிறகு கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார்.

அவர் கேட்டனுப்பியது மூக்குக் கண்ணாடி.