மெதுவான மோட்டார்

"இருக்கிறதுலயே மெதுவா ஓடுற மோட்டார் எதுங்க?"

கடைக்காரர் தன் காதையே நம்பவில்லை. படகு மோட்டார் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் வேகத்தைத்தான் கேட்பார்கள். இந்த அம்மாவோ, கணவரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, ஒவ்வொரு மோட்டாரையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எடுத்துக்கங்கம்மா. அக்கரைக்கு அரை மணி நேரத்துல பறந்துடலாம்."

"பறக்க வேணாம். ஆள் நடக்கிற வேகத்துல நாள் பூரா ஓடணும், நடுவுல அணையக் கூடாது. புகையும் வரக் கூடாது. போன தடவை புகையாலதான் பாதியில திரும்பினோம். தண்ணிக்குள்ள சுத்துற விசிறிக்கு ஒரு கூண்டும் மாட்டிக் குடுங்க. இந்தத் தடவை அக்கரையைத் தொட்டுட்டுத்தான் மறுவேலை."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணின்னா இவ்வளவு பயமாம்மா? அப்புறம் படகு எதுக்கு?"

"பயம் எனக்கில்ல, இவருக்கு."

கணவர் அசடு வழிந்தார்.

"அப்போ நீங்க மட்டும் போயிட்டு வரலாமே? பாவம், அவரை எதுக்கு இழுத்துட்டுப் போறீங்க?"

"படகை யாராவது ஓட்டணுமே!" அந்த அம்மா நிமிர்ந்தார். "நான் பக்கத்துல நீந்திக்கிட்டில்ல வருவேன்!"