சேலையின் நீளம்

தூளியிலிருந்து எடுத்து அவனைத் தரையில் குப்புறப் போட்டாள்.

போட்டவள் கையை எடுக்கவில்லை.

மூன்றாம் மாடி. தளம் போட்டதோடு சரி, தெருப்பக்கச் சுவர் இன்னும் எழும்பவில்லை. விளிம்புக்கு அப்பால் வேப்பமரத்தின் உச்சி தெரிந்தது.

பதினோரு மாதப் பிள்ளை. தவழவில்லை. தானாக உட்காரவும் இல்லை.

போன கட்டடத்தில் இவளோடு வேலை பார்த்தவளின் பிள்ளை தவழ்ந்து போய்த்தான் விழுந்தது. அன்றிலிருந்து இவனுக்குத் தூளிதான். வேலைக்கு ஏறும்போது போட்டால் இறங்கும்போது எடுப்பாள்.

நேற்று தடுப்பூசி போட்ட நர்ஸ் அவன் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "காலுல ஒரு கோளாறும் இல்ல. நீதான் கட்டி வச்சிருக்க. கீழ வுடும்மா."

இன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. அவனை இறக்குமுன் தளத்தைக் கூட்டினாள். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

கையை எடுத்தாள்.

அவன் கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்தான். கால்கள் விரிந்து, யாருடைய கால்களோ போலக் கிடந்தன.

"இன்னா தொர, வேலைக்கு வந்து தூங்குற?"

கொத்தனார் ஏகாம்பரம். கை கழுவிய ஈரத்தோடு வந்து குந்தினார். சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டை நூலோடு அவன் மூக்குக்கு முன்னால் ஆட்டினார்.

பித்தளை மின்னியது.

தலை எழும்பியது. கை நீண்டது. எட்டவில்லை.

அவர் குண்டை ஒரு சாண் பின்னால் இழுத்தார்.

அழுவான் என்று நினைத்தாள். முக்கினான். முகம் சிவந்தது. ஒரு முழங்கால், அதுவரை இல்லாதது போலிருந்த முழங்கால், தரையை உந்தியது.

வயிறு நகர்ந்தது.

கீழேயிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். சாப்பாட்டு நேரம் முடிந்தது.

தூளியில் போட்டாள். அவன் முதுகை வில்லாக வளைத்துக் கத்தினான். ஒருநாளும் கத்தாதவன்.

அவனை வெளியே எடுத்தாள்.

தூளியை அவிழ்த்தாள். அதே சேலையின் ஒரு முனையைத் தூணில் கட்டினாள். மறுமுனையை அவன் இடுப்பில் கட்டி, இழுத்துப் பார்த்தாள். விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. போதவில்லை. இன்னும் ஒரு முழம் குறைத்தாள்.

சும்மாட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கலவைச் சட்டியோடு ஏறி வந்தபோது கண் முதலில் சேலைக்குத்தான் போனது.

சேலை விறைத்து நின்றது.

அதன் முனையில் அவன். வேப்பமரத்தைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் ஊன்றி, வயிற்றைத் தரையிலிருந்து தூக்கியிருந்தான்.

தலையில் சட்டியோடு அப்படியே நின்றாள்.

"தெருப்பக்கச் சுவர எப்ப எழுப்புவீங்கண்ணா?"

"அதுக்கு நாலு நாளு ஆவும். மொதல்ல உள்சுவர்."

ஏகாம்பரம் உள்சுவரருகே கரண்டியோடு காத்திருந்தார்.

அவள் அவரைத் தாண்டிப் போனாள். சட்டியை விளிம்போரமாக இறக்கி வைத்தாள்.

அந்தச் சுவருக்குச் செங்கல் எடுக்கக் கீழே இறங்கினாள்.